உட்கார்ந்த உயரம்

ஒரு வேப்பமரத்தை எழுத எனக்குப் பதினொரு வரிகள் போதும். அடிமரத்துக்கு ஒன்று, கிளைகள் பிரிவதற்கு நான்கு, இலைக்கூட்டத்துக்கு ஐந்து, மரம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல ஒன்று. வரைவது என்று நான் சொல்லவில்லை. என் வேலையில் மௌஸைப் பிடித்து இழுப்பது கிடையாது. மரம் எத்தனை அடி உயரம், எத்தனை அங்குலத் தடிமன், கிளை எந்தக் கோணத்தில் சாய்கிறது என்று வரி வரியாக எழுதிக்கொடுத்தால் கம்ப்யூட்டர் அதைப் படித்து மரத்தை எழுப்பி நிறுத்தும். சூரியன் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் நிழலையும் அதுவே போட்டுவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம், ஆனைக்குட்டம் பட்டாசுக் கம்பெனியில் நடந்த விபத்தை விளக்க உங்கள் விசாரணைக்காக நான் செய்துகொடுத்த முப்பரிமாண மாடல். இவ்வளவு நுணுக்கமாக ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது பெண்களும் போர்மேன் சோணைமுத்துவும் இறந்துபோன ஒரு விஷயத்தில் சந்தோஷம் என்ற சொல் பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன். அந்த மாடலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி தவறு. தெரிந்தே தவறாக எழுதினேன். உங்கள் அறிக்கை அச்சுக்குப் போவதற்குள் அதைத் திருத்த வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

என் பெயர் பெத்தணன். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் மல்லாங்கிணறு. மழை இல்லாமல் போன ஒரு வருஷத்தில் அண்ணன் முனியராஜ் லோடு ஏற்றும் வேலைக்கு ஆனைக்குட்டம் வந்தார். அவரோடு நானும் வந்தேன். அண்ணன் மனைவி மாடத்தி பட்டாசு வேலைக்குப் போய்த்தான் என்னை விருதுநகரில் டிப்ளமோ படிக்க வைத்தார். மதினியின் கையில் எப்போதும் அலுமினியப் பொடி மினுங்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால்தான் எனக்குப் பத்து வருஷம் சோறு போட்டார். எனக்கு மதினியை ரொம்பப் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

படித்து முடித்துத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடும் வேலை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில்தான் இப்படி எழுதிச் செய்யும் மென்பொருள் கிடைத்தது. மற்றவர்கள் லேபிளில் குழந்தைப் படத்தைச் சுற்றிப் பூ ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியையே எழுதினேன். மூடி, மடிப்பு, உள்ளே அடுக்கிய சக்கரங்கள், அவற்றின் நிழல் எல்லாம். படம் திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரும். ஒன்று முடிய நாற்பது நிமிஷம் ஆகும். நான் டீக்குக்கூட எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுதியது எழுதியபடி, ஓர் அங்குலம் பிசகாமல் வந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

அப்படிப் பல படங்களைக் கோத்து ஒரு பெட்டி சுழல்வது போலச் செய்திருந்தேன். லேபிள் ஆர்டர் கொடுக்க வந்த, மதினி வேலை பார்த்த ஆனைக்குட்டம் கம்பெனியின் முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏலே, பெட்டிய இம்புட்டு அழகாத் திருப்புறியே, எங்க கம்பெனியத் திருப்பிக் காட்டுவியா?”

“அளவு எடுக்க விட்டீகன்னா காட்டலாம் அண்ணாச்சி.”

அடுத்த மாதம் அவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், சித்திரையில். டேப்பை எடுத்துக்கொண்டு கம்பெனி முழுக்க நடந்தேன். நாற்பத்திரண்டு ரூம்கள், வாசல், அலுவலகம், உயரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி, மரங்கள். ஒரு ரூமுக்கு நான்கு பேர், ரூமுக்கும் ரூமுக்கும் இடையே லைசென்ஸில் சொன்ன தூரம், எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறப்பது என்று சட்டப்படியான கம்பெனியை எழுதி முடித்தேன். அண்ணாச்சி அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

பிறகு அவர் கேட்டதுதான் உண்மையான வேலை. சீசனில் ரூமுக்கு நான்கு பேரை வைத்து ஆர்டரை முடிக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். கூடுதல் ஆட்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்துவார்கள். கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். முந்தின வருஷம் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி வாசலில் இறங்கியதுமே மரத்தடியில் பதினொரு பெண்களைப் பார்த்துவிட்டார். கம்பெனியை ஒரு மாதம் மூடிவிட்டார்கள். அந்த ஒரு மாதமும் மதினி வீட்டில் இருந்தார். அடுப்பு எரிந்ததைவிட எரியாத வேளைகள்தான் அதிகம்.

“காலையில வந்திருந்தாம்னா ஒரு குருவியக்கூடப் பாத்திருக்க மாட்டான். மூணு மணிக்கு வந்து தொலைச்சான்” என்றார் அண்ணாச்சி.

அவர் அதைச் சலிப்பாகச் சொன்னார். எனக்கு அதில் விடையே கிடைத்துவிட்டது. பெண்கள் ஓரிடத்தில் உட்காருவதில்லை. வெயில் ஏறஏற நிழல் நகரும். மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்களும் நிழலோடு நகர்வார்கள். காலையில் மரத்துக்கு மேற்கே இருப்பவர்கள் மூன்று மணிக்குக் கிழக்கே, வாசலுக்கு நேராக வந்துவிடுகிறார்கள். இருபது வருஷமாக அங்கே வேலை பார்த்த யாரும் இதைக் கணக்கிட்டதில்லை. எனக்குச் சூரியன் ஒரு வரிதான். சிவகாசியின் அட்சரேகையைக் கொடுத்து, ஆவணி முதல் ஐப்பசி வரை மணிவாரியாக மூன்று வேப்பமரங்களின் நிழலையும் எடுத்தேன்.

அடுத்ததாக அதிகாரியை எழுதினேன். ஐந்தேகால் அடியில் ஒரு கண், அவ்வளவுதான். அந்தக் கண் வாசலிலிருந்து அலுவலகம் வரை நடக்கும். கண்ணிலிருந்து ஒவ்வொரு பெண்ணின் தலைக்கும் ஒரு நேர்கோடு போகும். நடுவே எதுவும் தடுக்காவிட்டால் அந்தப் பெண் சிவப்பாகத் தெரிவாள். தடுத்தால் பச்சை. அண்ணாச்சிக்கு முதல் படத்தைக் காட்டியபோது, அந்தச் சீசனில் மரத்தடியில் உட்கார வேண்டிய முப்பத்து நான்கு பேரில் இருபத்தாறு பேர் சிவப்பு.

பெண்களை எழுத அளவு வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, டேப்பை வைத்தேன்.

“என்ன தம்பி, எனக்குச் சிலை வைக்கப் போறீகளா?”

“ஆடாம இருங்க மதினி.”

“மூக்கு கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும். மூக்குத்தியும் போட்டுவிடுங்க, கல்லு வச்சதா.”

மூக்கெல்லாம் கணக்கில் வராது. தலைக்கு ஒரு பந்து, உடம்புக்கு ஒரு கூம்பு, மடித்த காலுக்கு நசுங்கிய வளையம் ஒன்று. உட்கார்ந்த உயரம் இரண்டே முக்கால் அடி. திரையில் காட்டினேன். மதினி குனிந்து பார்த்துவிட்டு, “இதா நானு? இட்லிக் கொப்பரை மாதிரில்ல இருக்கேன்” என்று விழுந்து விழுந்து சிரித்தார். புரோகிராமில் அந்த உருவத்துக்கு முதலில் மதினி என்றே பெயர் வைத்திருந்தேன். அண்ணாச்சி பார்க்கப் போகிறாரே என்று ஆள் என மாற்றினேன். ஓர் ஆளை எழுதிவிட்டால் முப்பத்து நான்கு ஆளுக்கு ஒரே வரி போதும்.

மறைப்பு எதை வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஆள் உயரத் தட்டி கட்டினால் யாரும் உள்ளே என்ன என்றுதான் கேட்பார்கள். தாழ்வாக ஏதாவது இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மூன்றடி உயரத்தில் ஓலைத் தட்டிகள் போதும் என்று கணக்கு சொன்னது. நிழல் நகரும் வழியில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, பார்ப்பவர்களுக்கு மரக்கன்று வைத்து வேலி கட்டியதுபோல் இருக்கும்படி ஏழு தட்டிகள். அவற்றை வைத்துப் படத்தை ஓடவிட்டேன். வாசலில் பச்சை, பாதி வழியில் பச்சை, அலுவலக வராந்தா வரை பச்சை. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை முப்பத்து நான்கு பேரும் பச்சை. அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அதிகாரி உள்ளே இருக்கும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் இடுப்புக்கு மேல் தெரியும்.

அதற்கு ஒரு சைகை வேண்டியிருந்தது. கம்பெனியில் ஏற்கெனவே ஒரு விசில் உண்டு. தொட்டி மேடையின் கம்பியில் தொங்கும். அங்கிருந்து பார்த்தால்தான் வாசல், ரூம்கள், மரத்தடி மூன்றும் தெரியும். நெருப்பு என்றால் விசில் ஊதுவார்கள், எல்லோரும் எழுந்து வாசலைப் பார்த்து ஓட வேண்டும். நான் அதை மாற்றினேன். விசில் நீளமாகக் கேட்டால் உட்கார்ந்து தலையைத் தாழ்த்த வேண்டும். இரண்டு குட்டி விசில் கேட்டால்தான் எழுந்திருக்கலாம். நெருப்புக்கு அலுவலக வராந்தாவில் மணி ஒன்று தொங்கவிட்டோம். புதிதாக வேறு ஏதாவது சத்தம் வைத்தால் வருகிற அதிகாரிக்குச் சந்தேகம் வரும். விசில் சத்தம் எந்தக் கம்பெனியிலும் கேட்பதுதான்.

சோணைமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயது மனுஷன். முட்டி வலியோடு காலை இழுத்து இழுத்து நடப்பார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“தம்பி, விசில் கேட்டா எந்திரிச்சு ஓடுன்னு இருவது வருசமாச் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்பப் போயி ஒக்காருன்னா நல்லாவா இருக்கு?”

“பழகிட்டாச் சரியாயிரும்ணே.”

“அதைத்தான் நானுஞ் சொல்லுதேன். பழகிருமே.”

அவர் சொன்னதை நான் யோசித்துப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். மணி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் பழக்கினோம். விசில் ஊதியதும் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். முதல் நாள் பதினேழு நொடி ஆனது. பெண்களுக்கு இது விளையாட்டாகப் போய்விட்டது. கடைசியாக உட்காருகிறவளைக் கேலி செய்வார்கள். “பள்ளிக்கூடத்துலகூட நான் இம்புட்டு ஒழுங்கா ஒக்காந்ததில்ல” என்று மதினி சொல்ல, எல்லோரும் தலையைத் தாழ்த்திக்கொண்டே சிரித்தார்கள். இரண்டாம் வாரம் முடிவில் நான்கு நொடி. அதற்குமேல் குறைக்க முடியாது என்று கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டேன்.

விபத்து புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு. முந்தின நாள் மழை. ஏழாம் நம்பர் ரூமில் நனைந்த மருந்துத் தட்டு ஒன்று தானாகச் சூடாகிப் புகைந்திருக்கிறது. ஏழாம் நம்பர் மரத்தடியிலிருந்து நாற்பதடி தள்ளி இருந்தது. மரத்தடியில் அன்றைக்குச் செலுத்தி முடித்த குழாய்கள் கூடைகூடையாக இருந்தன. மற்றவை உங்கள் அறிக்கையிலேயே இருக்கின்றன.

மாடல் படங்களைச் சரிபார்க்க எனக்கு நீங்கள் அனுப்பிய வரைவு அறிக்கை இப்படிச் சொல்கிறது. சோணைமுத்து தொட்டி மேடையில் நின்றிருந்தார். புகையைப் பார்த்ததும் பதற்றத்தில், இருபது வருஷப் பழக்கத்தில், நெருப்பு என்று எச்சரிக்க விசில் ஊதினார். பெண்கள் இரண்டு வாரப் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மறுபடியும் ஊதினார். அவர்கள் இன்னும் குனிந்தார்கள். பிறகு அவர் இறங்கி ஏழாம் நம்பரை நோக்கி ஓடினார், அங்கேயே இறந்தார். விசாரணையில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பட்டாசுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தவறு நடக்காது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். விசிலின் அர்த்தத்தை மாற்றச் சொன்னது அண்ணாச்சி என்று அவரைக் கைது செய்தார்கள். மாற்றியது நான் என்று அவரும் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன். முதலாளி சொல்லிச் செய்த சின்னப் பையன் என்று என்னை விட்டுவிட்டீர்கள்.

இந்தக் கதையை உங்களுக்கு முதலில் சொன்னதே நான்தான். அதை நிரூபிக்கத்தான் அந்த மாடல். சோணைமுத்துவின் உடல் ஏழாம் நம்பர் வாசலில் கிடந்தது. தொட்டி மேடை அங்கிருந்து நூற்றுப்பத்தடி. ஏணியில் இறங்க எட்டு நொடி, ஓடிவரப் பதினான்கு நொடி என்று அவரை ஓடவிட்டுக் காட்டினேன். நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். சோணைமுத்துவின் மனைவி பின் பெஞ்சிலிருந்து எழுந்து, “முட்டி செத்த மனுசன் அய்யா அவுக. வீட்டு வாசப்படி ஏறவே நாந்தான் கையக் குடுக்கணும். ஏணியில எப்பிடி ஏறுனாக?” என்று கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்டதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாவிட்டால் இது இப்படியே இருந்திருக்கும். அன்று பகல், நான் மாடலைத் திறந்து வைத்திருந்தபோது பானுப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மதினியின் மகள். எட்டாவது படிக்கிறாள்.

“சித்தப்பா, இதுல எது அம்மா?”

உள்ளதைச் சொன்னேன். “எல்லாமே அம்மாதான்.”

உண்மையும் அதுதான். உங்கள் அறிக்கையின் பதினாறாம் பக்கத்தில் வரிசையாகக் குனிந்திருக்கும் பத்தொன்பது உருவங்களும் மதினியின் அளவில் செய்தவை. வேறு ஆளை எழுத எனக்கு நேரம் இருக்கவில்லை.

“அப்ப ஒரு அம்மாவ எந்திரிச்சு நிக்க வைங்க.”

அவளுக்கு அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. எனக்குத்தான் அதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் எழுதிய ஆளுக்கு நிற்கக் கால் கிடையாது. உட்காரவைத்தே எழுதியதால் காலுக்கு வேலை இல்லாமல் இருந்தது. குழந்தை கேட்கிறாளே என்று புதிதாகக் கழுத்து, தோள், இரண்டு கால் எழுதினேன், மதினி கேட்ட மூக்கையும் வைத்தேன். நின்ற உயரத்தை நான் எடுத்ததில்லை. நாலே முக்கால் அடி இருக்கும் என்று மனசில் வந்ததைப் போட்டேன். இரண்டாவது மரத்தடியில், தட்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே மரம் வந்தது, பிறகு ஒரு தலை, கழுத்து, தோள். அதிகாரியின் கணக்கை நான் அணைக்கவில்லை. அதனால் மதினி சிவப்பாக வந்தார்.

பானுப்பிரியா கிட்டப் போய்ப் பார்த்தாள். “அம்மா தொட்டியப் பாத்துல்ல திரும்பி நிக்காக. யாரப் பாக்காக?”

அப்படித் திருப்பி நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. மேடையில், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிப்படி, சோணைமுத்து நின்றுகொண்டிருந்தார். போர்மேன் தாத்தாவைப் பார்க்கிறார் என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. நான் சொல்வது துக்கத்தை அல்ல. படத்தில் ஒன்று தவறாக இருந்தது, அது தவறு என்று எனக்குத் தெரிந்தும் இருந்தது.

அன்று மேடையில் நின்றது நான்.

வழக்கமாக வாசலைக் கவனிக்கும் வாட்ச்மேன் வேலுச்சாமி, சொந்தத்தில் ஒரு சாவு என்று கேத வீட்டுக்குப் போயிருந்தார். நான் விலைப்பட்டியலுக்குப் படம் எடுக்க மேடையில் ஏறியிருந்தேன். சோணைமுத்து கீழே இருந்து அண்ணாந்து பார்த்து, “தம்பி, ஏழாம் நம்பர்ல தட்டு கொதிக்குதுங்காக, பாத்துட்டு வாரேன். வாசலக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றார். மண் வாளியைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போனார். அவர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான்.

அவர் பாதி தூரம் போவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். அதே நேரம் ஏழாம் நம்பர் ஜன்னலில் வெள்ளைப் புகை வந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். எது முதலில் என்று கேட்டால் புகைதான் முதலில்.

மரத்தடியில் வாடை தட்டியிருக்க வேண்டும். ஒரு தலை எழுந்தது. பிறகு மூன்று, நான்கு. தட்டிக்கு மேலே இடுப்புவரை தெரிந்தார்கள். அதிகாரி இன்னும் ஜீப் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அவர் வாசலிலிருந்து வராந்தாவுக்குப் போக ஐம்பத்தைந்து நொடி ஆகும். மாடலில் எத்தனையோ தடவை அவரை நடக்கவிட்டிருக்கிறேன். வராந்தாவில் ஏறிவிட்டால் சுவர் மறைத்துவிடும், அதன் பிறகு எல்லோரும் ஓடலாம். ஒரு நிமிஷம்தான். தட்டு புகைந்து புகைந்து அணைந்துபோனதையும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லைசென்ஸ் போனால் இருநூறு குடும்பம் தெருவில் நிற்கும், மதினி உட்பட. இதையெல்லாம் யோசித்தேன். இவை எல்லாமே நியாயமான காரணங்கள்தான்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அதுவரை அந்த மாடலை உண்மையான ஓர் அதிகாரியை வைத்துப் பார்க்க வாய்ப்பே வந்ததில்லை. அவர் அதோ நடந்து வரப்போகிறார். பார்க்க வேண்டும் என்று இருந்தது.

விசிலை எடுத்து நீளமாக ஊதினேன். பதற்றமும் இல்லை, பழைய பழக்கமும் இல்லை. உட்காருங்கள் என்று சொல்லத்தான் ஊதினேன், உட்கார்ந்தார்கள். நான்கு நொடி.

ஒருவர் மட்டும் உட்காரவில்லை. மதினி நின்றபடியே திரும்பி மேடையைப் பார்த்தார். நான் இருப்பது தெரிந்தது அவருக்கு. ஏழாம் நம்பர் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, தம்பி என்றுதான் இருக்கும். அதிகாரி ஜீப்பிலிருந்து பையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பவிருந்தார்.

நான் மதினியைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவை ஊதினேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டார். தெரியாமல் செய்ய மாட்டான், பெரிய படிப்புப் படித்தவன் என்று நினைத்திருப்பார். மேலே இருக்கிறவனுக்குத் தெரியாதது என்ன நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கலாம். முதல் விசிலிலிருந்து முப்பத்து மூன்றாவது நொடியில் ஏழாம் நம்பர் வெடித்தது. அதன் பின்னாலேயே மரத்தடி. அதிகாரி அப்போது வராந்தாவுக்குப் பாதி வழியில் இருந்தார்.

ஆக, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் சோணைமுத்து என்று இருப்பதைப் பெத்தணன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சோணைமுத்துவை மண் வாளியோடு ஏழாம் நம்பருக்குப் போகும் வழியில் நிறுத்துங்கள். அவருக்கு ஓட்டம் தேவையில்லை, நடையே போதும். அவர் மனைவி கேட்ட கேள்வி சரியானது என்று அவரிடம் யாராவது சொல்லிவிட்டால் நல்லது. அண்ணனுக்கும் பானுப்பிரியாவுக்கும் நான் சொல்லவில்லை. அறிக்கை வந்ததும் அவர்களே படித்துக்கொள்வார்கள். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். எதிர்த்து வழக்காட மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் மற்றதை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள். அன்றைக்கு ஜீப்பில் வந்த அதிகாரி இருபத்தொன்றாம் பக்கத்தில் சாட்சி சொல்லியிருக்கிறார். வாசலிலிருந்து நடந்து வந்தபோது மரத்தடியில் ஒருவரைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று. அந்த வரியை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.